பூச்சி நகர வேண்டாம், படம் போகட்டும்!
அயல்நாட்டுப் பூச்சிகளைக் கண்டறிய இயற்கைப் படப்பிடிப்பு – உழவர்களுக்கு ஒரு பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல் குன்றைக் காண ஆண்டு முழுவதும் மக்கள் வந்து போகின்றனர். அங்குள்ள குடைவரைக் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர் என்று குளத்தில் கண்ட யாவற்றையும் ஓவியர் அதில் பதிவு செய்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குளத்தில் என்னென்ன இருந்தன என்று இன்று நாம் பார்த்துச் சொல்ல முடிகிறது.

இன்று அந்தக் குன்றுக்கு வருவோர் அனைவர் கையிலும் படம் எடுக்கும் கைப்பேசி உள்ளது. பாறையையும் மயிலையும் வண்ணத்துப்பூச்சியையும் படம் எடுக்கிறார்கள். குன்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல், நிலக்கடலை, மக்காச்சோளம் பயிரிடும் உழவர்களிடமும் அதே கருவி உள்ளது. அழகுக்காகப் படம் எடுக்கும் இந்தப் பழக்கத்தைப் பயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக் கொள்வது எப்படி, அதே பழக்கம் கேடு செய்யாமல் பார்த்துக் கொள்வது எப்படி என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அயல்நாட்டுப் பூச்சி என்றால் என்ன?

நம் வயலில் உள்ள பூச்சிகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாக இங்கேயே வாழ்பவை. அவற்றைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி, குளவி, பறவை ஆகியனவும் உடன் வாழ்கின்றன. ஆகையால் அவை ஓர் அளவுக்கு மேல் பெருகுவதில்லை. ஆனால் கடல் கடந்து வேறு கண்டத்திலிருந்து ஒரு பூச்சி வந்து சேரும்போது, அதைக் கட்டுப்படுத்தி வந்த எதிரிகள் உடன் வருவதில்லை. இரை நிறைய உள்ளது, எதிரி இல்லை. எனவே அது மிக வேகமாகப் பெருகிப் பரவுகிறது. இவற்றையே ஊடுருவும் அயல்நாட்டுப் பூச்சிகள் என்கிறோம்.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு மாவுப்பூச்சி சில நூறு முட்டைகள் இடக்கூடியது. அவற்றில் பத்துப் பெண் பூச்சிகள் மட்டுமே பிழைப்பதாகவும், ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் ஆவதாகவும் வைத்துக் கொள்வோம். முதல் மாத முடிவில் 10, இரண்டாம் மாத முடிவில் 100, மூன்றாம் மாத முடிவில் 1000 ஆகிவிடும். முதல் மாதத்தில் ஒரு கிளையை வெட்டி எரித்தால் முடிந்துபோகும் வேலை, மூன்றாம் மாதத்தில் ஒரு தோட்டத்தின் வேலையாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய பூச்சிகளைப் பொறுத்தவரை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறோம் என்பதே முதன்மையானது.

நம் மாநிலம் கண்ட அயல்நாட்டுப் பூச்சிகள்

1. பப்பாளி மாவுப்பூச்சி: இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, கத்தரி, செம்பருத்தி ஆகியவற்றையும், பார்த்தீனியம் முதலிய களைகளையும் தாக்கியது. மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்திற்குத் தருவிக்கப்பட்டு, முறையான தனிமைச் சோதனைக்குப் பின் தமிழகத்தில் விடப்பட்டன. அவற்றுள் 'அசெரோபேகஸ் பப்பாயே' என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி மாவுப்பூச்சியை அடக்கியது.

2. தென்னை சுருள் வெள்ளை ஈ: இதுவும் மத்திய அமெரிக்கப் பூச்சியே. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் கண்டறியப்பட்டது. பிறகு மாநிலத்தின் மற்ற தென்னை வட்டாரங்களுக்கும் பரவியது.

3. மக்காச்சோளப் படைப்புழு: அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016-ல் ஆப்பிரிக்காவுக்கும், 2018-ல் கர்நாடக மாநிலம் சிவமொக்காவுக்கும் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளப் பயிரிலும் காணப்பட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தூரம் பறக்கக்கூடியது.

4. மரவள்ளி மாவுப்பூச்சி: தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளியைத் தாக்கியது. இதற்கான ஒட்டுண்ணியான 'அனாகைரஸ் லோபேசி' மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-ல் வயல்களில் விடப்பட்டது.

5. தைலமரக் கழலைக் குளவி: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. 2001 வாக்கில் கர்நாடகத்தில் காணப்பட்டு, பின் தமிழகத் தைலமரத் தோப்புகளுக்கும் வந்தது. தைலமரம் மிகுதியாக உள்ள நம் மாவட்டத்தார் இதை அறிந்திருத்தல் நலம்.

இந்த ஐந்தில் முதல், நான்காம் பூச்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மாவுப்பூச்சிகள். இரண்டும் மரவள்ளியில் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளை மாவாகவே தெரியும். ஆனால் ஒன்றை அடக்கும் குளவி மற்றொன்றை அடக்காது. பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் தவறான ஒட்டுண்ணியை விடுவோம், அல்லது பயனற்ற மருந்தைத் தெளிப்போம். பூச்சியைச் சரியாக இனங்காண்பதில்தான் உழவரின் பணமும் காலமும் அடங்கியுள்ளன.

முதலில் காண்பவர் யார்?

புதுப் பூச்சியை முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர் அல்லர். தினந்தோறும் செடியருகில் நிற்பவரே முதலில் காண்கிறார். இதற்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2019 டிசம்பரில், பிளெய்ன் என்ற ஊருக்கு அருகே ஒருவர் தம் வீட்டுப் பக்கம் இறந்து கிடந்த மிகப் பெரிய குளவியைக் கண்டு வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தார். அது ஆசியாவிலிருந்து வந்த, தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும் ராட்சதக் குளவி என்று உறுதியாயிற்று. துறையினர் பொதுமக்களிடம் படமும் தகவலும் கேட்டனர். 2020-ல் ஒரு கூடும், 2021-ல் மூன்று கூடுகளும் கண்டுபிடித்து அழிக்கப்பட்டன. உறுதி செய்யப்பட்ட தகவல்களில் ஏறத்தாழப் பாதி பொதுமக்கள் அளித்தவை. 2024 டிசம்பரில் அக்குளவி அந்நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் நடந்தது இதற்கு மாறானது. நீண்ட கொம்புடைய ஆசிய வண்டு ஒன்று அங்கு மரங்களைத் துளைத்து வந்தது. 2008 ஆகஸ்டில் ஒரு குடியிருப்பாளர் அதைக் கவனித்துத் தெரிவித்தார். ஆனால் வண்டு வந்து அதற்குள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் 30,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட நேர்ந்தது.

இரண்டு ஊர்களிலும் தகவல் சொன்னவர் சாதாரணக் குடிமக்களே. ஓரிடத்தில் தகவல் தொடக்கத்திலேயே வந்தது, மற்றோரிடத்தில் பத்தாண்டு கழித்து வந்தது. அந்தக் கால வேறுபாடே பயன் வேறுபாடாயிற்று.

பழைய பூச்சியை அறிந்தால்தான் புதியது தெரியும்

ஒரு பூச்சி புதியது என்று எப்படித் தெரிந்து கொள்வது? ஏற்கெனவே இருப்பவை எவை என்று தெரிந்திருந்தால்தான் தெரியும். இங்குதான் இயற்கைப் படப்பிடிப்பு பெரிதும் உதவுகிறது. வண்ணத்துப்பூச்சி, தட்டான், பொறிவண்டு, எறும்பு என்று கண்டதையெல்லாம் நாளும் ஊரும் குறித்துப் படம் எடுத்து வைப்பவர்கள், தாம் அறியாமலே அந்த ஊரின் பூச்சிக் கணக்கை எழுதி வைக்கிறார்கள். நாளை ஒரு புதிய பூச்சி தென்பட்டால், 'சென்ற ஆண்டு வரை இது இங்கு இல்லை' என்று சொல்ல அந்தப் படங்களே சான்று.

2008-ல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட், இந்திய பல்லுயிர்த் தளம் ஆகிய இணையத் தொகுப்புகள் இத்தகைய படங்களைச் சேகரிக்கின்றன. ஒருவர் ஏற்றும் படத்தைப் பூச்சியியல் அறிந்த மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்கிறார்கள். இவற்றில் சேர விருப்பமில்லாதவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே 'எங்கள் வயல்' என்று ஒரு தொகுப்பு வைத்துக் கொண்டாலும் போதும்.

இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. உங்கள் நிலத்தில் பத்துச் செடிகளையோ மரங்களையோ தேர்ந்தெடுத்து அடையாளமிடுங்கள். வரப்போரம் இரண்டு, நடுவில் ஆறு, களை மண்டிய வேலியோரம் இரண்டு என்று இருக்கட்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அவற்றின் இலை அடிப்பாகத்தையும் குருத்தையும் படம் எடுங்கள். கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது. படிக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள்.

படம் எடுக்கும் முறை

பூச்சியை இனங்காண உதவும் படமும் அழகான படமும் ஒன்றல்ல. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

1. காலை வெயில் ஏறுமுன் எடுக்கவும். அப்போது பூச்சிகள் அதிகம் அசைவதில்லை. வெளிச்சமும் கண்ணைக் கூசாது.

2. ஒரு பாதிப்புக்கு நான்கு படங்கள் தேவை: வயல் முழுவதும் தெரிய ஒன்று, செடி முழுவதும் தெரிய ஒன்று, பாதிக்கப்பட்ட பாகம் ஒன்று, பூச்சியின் அண்மைப் படம் ஒன்று. பூச்சியை மட்டும் அனுப்பினால் எந்தப் பயிர், எந்தப் பாகம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

3. பூச்சியின் அருகில் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலை வைத்து எடுக்கவும். நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பது இனங்காணப் பெரிதும் உதவும்.

4. கைப்பேசியை மிக நெருக்கமாகக் கொண்டு சென்றால் படம் மங்கும். படம் தெளியும் வரை பின்னால் நகர்த்தி, பிறகு திரையில் பெரிதாக்கிப் பார்க்கவும். மிகச் சிறிய பூச்சிக்குக் கைப்பேசிக் கண்ணாடியின் முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து எடுக்கலாம்.

5. கையைத் தரையிலோ முழங்காலிலோ ஊன்றிக் கொள்ளவும். காற்றில் இலை ஆடினால் மற்றொரு கையால் காம்பைப் பிடித்துக் கொள்ளவும்.

6. ஒரே பூச்சியை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கவும்.

7. படத்திற்கு நிறம் கூட்டுதல், அழகுபடுத்துதல் கூடாது. மஞ்சள் நிறமா, இளஞ்சிவப்பு நிறமா என்பதே பெயரைத் தீர்மானிக்கும் இடங்கள் உண்டு.

8. நாள், ஊர், பயிர், இரகம், பயிரின் வயது, எத்தனை செடிக்கு எத்தனை செடி பாதிப்பு ஆகியவற்றைப் படத்தோடு எழுதி அனுப்பவும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழுத் தெளிவோடு சேரும்.

எந்தப் பூச்சியில் எதைப் பார்க்க வேண்டும்?

மக்காச்சோளப் படைப்புழு: புழுவின் தலையையும் வால்பகுதியையும் மேலிருந்து எடுக்கவும். முகத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற வெளிர்க் கோடு இருக்கும். வாலுக்கு முந்தைய கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரண்டும் சேர்ந்து இருந்தால் படைப்புழு என்று கொள்ளலாம்.

தென்னை சுருள் வெள்ளை ஈ: ஓலையின் அடிப்பாகத்தை எடுக்கவும். முட்டைகள் வெண்மெழுகோடு சுருள் சுருளாக இடப்பட்டிருக்கும். ஈ, சாதாரண வெள்ளை ஈயைவிடப் பெரியதாக, சோம்பலாக அமர்ந்திருக்கும். கீழ் ஓலைகளின் மேற்பரப்பில் தேன் போன்ற கழிவு படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்திருக்கும். மெழுகாலான சிறு கூடு கட்டி அதனுள் அமரும் மிகச் சிறிய வெள்ளை ஈக்களும் 2018-க்குப் பின் தென்னையில் காணப்படுகின்றன. கூடு இருக்கிறதா, சுருள் இருக்கிறதா என்று படத்தில் தெரிய வேண்டும்.

மாவுப்பூச்சிகள்: மெழுகை ஒரு துரும்பால் மெல்ல விலக்கி உடல் நிறம் தெரிய எடுக்கவும். பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறம். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு நிறம். பின்னது தாக்கிய மரவள்ளியின் நுனி குறுகி, இலைகள் கொத்தாகத் திரண்டிருக்கும். அந்த நுனியையும் படம் எடுக்கவும்.

தைலமரக் கழலைக் குளவி: இளந்தளிரின் காம்பிலும் இலை நடுநரம்பிலும் வரிசையாகப் புடைப்புகள் தோன்றும். நாற்றங்காலிலும் இளந்தோப்பிலும் இவற்றைப் பார்த்து எடுக்கவும்.

படத்தால் ஆகாதது

படம் ஐயத்தை எழுப்பும். எல்லா இடத்திலும் தீர்ப்பு வழங்காது. மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகியவற்றின் பல இனங்களைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். கைப்பேசிச் செயலி ஒரு பெயரைச் சொல்லிவிட்டது என்பதற்காக அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் ராட்சதக் குளவி என்று வந்த தகவல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே வாழும் வேறு பூச்சிகளாக இருந்தன. நன்மை செய்யும் குளவியைக் கெட்டதென்று கொன்றுவிட்டால் நட்டம் நமக்கே.

ஆகையால் அதிகாரி மாதிரி கேட்டால், ஐந்தாறு பூச்சிகளை மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு மூடி, ஊர், நாள், பயிர் எழுதிய துண்டு ஒட்டிக் கொடுக்கவும். பப்பாளி மாவுப்பூச்சி ஸ்பிரிட்டில் போட்டபின் நீலங்கலந்த கறுப்பாக மாறும். இதுவும் ஓர் அடையாளமே.

படம் எடுப்பவரே பூச்சியைப் பரப்பலாம்

பூச்சி பாதித்த இலையைக் கிள்ளி, பையில் போட்டு, பேருந்தில் ஏறி அலுவலகத்திற்குக் கொண்டு சென்று காட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். அயல்நாட்டுப் பூச்சி விஷயத்தில் இது ஆபத்தானது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாது. வழியெங்கும் உதிரக்கூடும். அலுவலகத்து வாசல் செம்பருத்தியில் ஒன்று விழுந்தால் அங்கிருந்து ஒரு புதிய பரவல் தொடங்கும். படம் என்ற வசதி இருக்கையில் உயிருள்ள பூச்சியை ஊர் விட்டு ஊர் கொண்டு செல்லத் தேவையே இல்லை.

இயற்கைப் படம் எடுக்க ஊர் ஊராகச் செல்லும் அன்பர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்:

• ஓரிடத்தில் பிடித்த புழுவையோ வண்டையோ வீட்டில் வைத்துப் படம் எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் விடக் கூடாது.

• பாதிக்கப்பட்ட தோப்பில் நுழைந்து வந்தபின் துணி, பை, செருப்பு, முக்காலி ஆகியவற்றைத் தட்டி உதறிய பிறகே அடுத்த தோப்புக்குள் செல்ல வேண்டும்.

• சுற்றுலா சென்ற ஊரிலிருந்து பூச்செடி, தென்னங்கன்று, பப்பாளி நாற்று, மரவள்ளிக் குச்சி ஆகியவற்றை இலை அடியைப் பார்க்காமல் வாங்கி வரக் கூடாது. பூச்சி நெடுந்தூரம் பயணம் செய்வது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

• வண்ணத்துப்பூச்சி வரும் என்பதற்காக உண்ணிச்செடி போன்ற அயல் களைகளை நட்டு வளர்க்கக் கூடாது.

2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயலில் நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதித் தென்னை பேரிழப்புக்கு உள்ளானது. தப்பிய மரங்களும் மறுபடி நட்ட கன்றுகளுமே பல குடும்பங்களுக்கு ஆதாரம். அத்தோப்புகளில் நடக் கன்று வாங்குவோர், ஒவ்வொரு கன்றின் ஓலை அடியையும் புரட்டிப் பார்த்துப் படம் எடுத்து, சுருளோ மெழுகோ தென்பட்டால் அக்கன்றை ஒதுக்கிவிட வேண்டும்.

மருந்து தெளிக்கு முன் ஒரு படம்

இப்பாடத்தின் மிகவும் பயன்தரும் பகுதி இதுவே. பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பானைத் தூக்குமுன், இலையின் அடிப்பாகத்தை ஒருமுறை படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சுருள் வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களில் சில கறுத்திருந்தால், அல்லது அவற்றில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளை இருந்தால், 'என்கார்சியா' என்னும் ஒட்டுண்ணிக் குளவி உங்கள் தோப்பில் வேலை செய்கிறது என்று பொருள். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறமாகி அதில் வட்டத் துளை இருந்தாலும் அவ்வாறே. அந்த நேரத்தில் கடும் மருந்து தெளித்தால் முதலில் சாவது குளவி. மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பிழைத்துக் கொள்ளும். காசு கொடுத்து நம் காவலாளியை நாமே கொன்றதாக முடியும்.

அத்தகைய தென்னந்தோப்பில் செய்ய வேண்டியவை வருமாறு: ஓலை அடியில் படுமாறு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளை ஏக்கருக்கு 8 முதல் 10 வரை, ஆறடி உயரத்தில் கட்டலாம். கரும்பூசணம் படிந்த ஓலைமேல் லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு கலந்து காய்ச்சிய பசையைத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது பூசணமும் உதிரும். ஒட்டுண்ணி தென்படாத தோப்புக்கு, ஒட்டுண்ணி உள்ள ஓலைத்துண்டுகளைப் பெற வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நீங்களாகப் பாதித்த தோப்பு ஓலையைக் கொண்டு வந்து கட்டக் கூடாது. குளவியோடு ஈயும் வரும்.

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அதே ஓலையைப் படம் எடுத்து, நூறு கூட்டுப்புழுவுக்குக் கறுத்தவை எத்தனை என்று எண்ணி எழுதி வாருங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்கச் சொன்னாலும் அந்தக் கணக்கைக் காட்டி விளக்கலாம்.

படத்தை யாருக்கு அனுப்புவது?

புதிய பூச்சி என்ற ஐயம் எழுந்தால் உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலருக்கும், வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கும் படத்தை அனுப்புங்கள். மற்ற மாவட்டத்தார் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 2024 ஆகஸ்டு 15-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பின் செயலியிலும் படம் ஏற்றலாம். தொலைபேசியில் கேட்க விரும்புவோர் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தை அழைக்கலாம்.

விடை வரும்வரை மூன்று காரியங்கள் செய்யுங்கள். பாதித்த செடியை அடையாளமிடுங்கள். அதிலிருந்து நாற்று, குச்சி, இலை எதுவும் வெளியே போகாமல் பாருங்கள். பக்கத்து நிலத்தாரிடம் சொல்லி அவர்கள் செடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று செய்யாதீர்கள். எங்கோ எடுத்த பூச்சிப் படத்தை, நாளும் ஊரும் தெரியாமல், 'நம் பகுதிக்கு வந்துவிட்டது' என்று குழுக்களில் பரப்பாதீர்கள். அதை நம்பி ஊரே மருந்தடித்தால் நன்மை செய்யும் பூச்சிகள் அழியும்; செலவும் வீண். நாளும் ஊரும் எடுத்தவர் பெயரும் இல்லாத படம் வெறும் வதந்தியே.

சித்தன்னவாசல் போன்ற சுற்றுலா இடங்களை ஒட்டிய ஊராட்சிகளும் பள்ளிகளும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு நாள், ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என வைத்து, ஊர்ப் பூச்சிகளைப் படம் எடுத்து நோட்டில் பதிவு செய்யலாம். வெளியூர் மக்களும் வண்டிகளும் வந்து போகும் இடத்தில்தான் புதுப் பூச்சி வந்திறங்கும் வாய்ப்பு அதிகம். அங்கேயே பார்க்கும் கண்களும் அதிகம் இருந்தால் அது நமக்குக் காவல்.

விடை எழுதிப் பாருங்கள்

1. அயல்நாட்டுப் பூச்சி நம் நாட்டில் வேகமாகப் பெருகுவதற்குக் காரணம் என்ன?

2. ஒரு பாதிப்புக்கு எடுக்க வேண்டிய நான்கு படங்கள் யாவை?

3. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் நிறத்தில் என்ன வேறுபாடு? பெயர் மாறினால் என்ன கேடு?

4. வெள்ளை ஈயின் கூட்டுப்புழு கறுத்து, வட்டத் துளையோடு இருந்தால் மருந்து தெளிக்கலாமா? ஏன்?

5. பாதித்த இலையை நேரில் கொண்டு சென்று காட்டுவதற்குப் பதில் படம் அனுப்ப வேண்டும் என்பது எதனால்?

ஐந்துக்கும் விடை தெரிந்தவர்கள் இந்த வாரமே தங்கள் நிலத்தில் பத்துச் செடிகளைத் தேர்ந்து முதல் படத்தை எடுக்கலாம். தெரியாதவர்கள் உரிய பகுதியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எடுக்கலாம். எவ்வகையிலும் அடுத்த மழைக்கு முன் உங்கள் வயலின் பூச்சிக் கணக்கு தொடங்கியிருக்கட்டும்.